திருப்பிப் போட்ட பேட்டரி

ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். அணைப்பேன். மோட்டார் போடுவேன். தொட்டி நிறைந்து தண்ணீர் விழும் சத்தம் மாறும்வரை பல் துலக்குவேன். பால் பாக்கெட்டின் ஓரத்தைக் கத்தரித்துப் பாதியைக் காய்ச்சுவேன், மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைப்பேன். ரொட்டித் துண்டு இரண்டு, நின்றபடியே. போன மாதம்வரை அலமாரியிலிருந்து இரண்டு தம்ளர் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்றுதான் எடுக்கிறேன். ஏழு மாதத்தில் முன்னேற்றம் என்று சொல்ல இருப்பது இதுதான்.

அந்தச் சனிக்கிழமை இன்னொரு வேலையும் இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பழைய டார்ச்சை எடுத்து ஸ்விட்சைத் தள்ளினேன். எரியவில்லை. உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினேன். அப்போதும் இல்லை. மனைவி போனதிலிருந்தே அது எரியவில்லை. நானும் ஏனென்று பார்க்கவில்லை. கரண்ட் போனால் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சும்மா உட்கார வெளிச்சம் எதற்கு? டார்ச்சைக் கடைக்குப் போகும் பையில் போட்டேன். நான் போகும் எலக்ட்ரிகல் கடையில் செத்த பேட்டரிகளைப் போட ஒரு வாளி வைத்திருக்கிறார்கள்.

கண்ணில் பட்டதைத் தூக்கிப் போடுகிற ஆள் நான். எடுத்து வைக்கிற ஆள் அவள். கல்யாணத்துக்கு வந்த கைக்கடிகாரத்தின் பெட்டியை மறுநாளே குப்பையில் போட்டேன், உத்தரவாதச் சீட்டோடு. "ஒருநாள் அசந்து கொஞ்ச நேரம் தூங்கிட்டேன்னா என்னையும் சேத்துப் போட்டுருவீங்க" என்பாள்.

எங்கள் தெருவில் தினமும் மாலை ஆறரைக்குக் கரண்ட் போகும், எட்டுக்கு வரும். புதிய கேபிள் பதிக்கிறார்கள். பதித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஊரின் மறுபக்கத்தில், என் மாமியார் வீட்டில், அந்தத் தொல்லை இல்லை. என் மகள் அங்கேதான் இருக்கிறாள். ஐந்து வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். அவள் வரைந்த படங்களைக் காட்டுவாள், நான் நன்றாக இருக்கிறது என்பேன். மூன்று வாரத்துக்கு முன்னால் படத்தை மடக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நம்ம வீடு இன்னும் இருக்கா?"

"இருக்கே."

"என் பென்சில் டப்பா?"

"அதுவும் இருக்கு."

"அப்ப ஏன் யாரும் அங்க போகமாட்டேங்கறோம்?"

பஸ்ஸில் திரும்பும்போது என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். நடந்து வந்தேன். மறுவாரம் மாமியாரிடம், வாலுவை வீட்டுக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேன். அவர் பள்ளிச் சீருடைகள் தைப்பவர். மிஷினை நிறுத்தாமலே சொன்னார்.

"ஒன்றரை மணி நேரம் இருட்டுல புள்ள அலறிரும் மாப்பிள்ளை. இங்கயே மிஷின் லைட் எரிஞ்சாத்தான் தூங்குது. அதுவும் போக, அவ கடைசியா என்ன சொல்லிட்டுப் போனா? என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்."

தெரியும். ஏனென்றால் அது நான் சொன்ன பொய்.

சின்ன ஆபரேஷன் என்றுதான் போனோம். நாலு நாளில் வீடு. மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தபோதே முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மாமியார் என் சட்டையைப் பிடித்து உலுக்கியது நினைவிருக்கிறது. "உள்ள போகும்போது ஏதாவது சொன்னாளா? சொல்லுங்க, ஏதாவது சொன்னாளா?" அவள் உண்மையில் சொன்னதை அந்த நேரத்தில், அந்த முகத்துக்கு முன்னால், என்னால் சொல்ல முடியவில்லை. பெற்றவளிடம் கொடுக்கிற வார்த்தையா அது? ஆகவே, "வாலுவ அம்மா பாத்துக்கட்டும்னு சொன்னா" என்றேன். மாமியாரின் கை மெல்லத் தளர்ந்தது. அன்று மாலையே வாலுவை இடுப்பில் தூக்கிக்கொண்டார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

பொய்யைத் திரும்பப் பெறுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இருட்டுக்கு வழி செய்யலாம் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். நான் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எதையும் நம்பாமல் மாதிரி எடுத்துப் பார்ப்பது தொழில். மூன்று வகை டார்ச் வாங்கினேன். விலை மலிவாக இருக்கவேண்டும், நீண்ட நேரம் எரியவேண்டும், ஐந்து வயதுக் கை பிடிக்கவேண்டும். மாதிரிப் பாட்டில்கள் வைக்கும் இருட்டறையில் மூன்றையும் ஒரே நேரத்தில் எரியவிட்டு, மணிக்கொரு முறை போய்ப் பார்த்துக் குறித்தேன். ஒன்பது பல்புக்காரன் முதல் மணியில் கண்ணைப் பறித்தான், நான்காம் மணியில் மங்கிப் பழுத்துப்போனான். சார்ஜ் ஏற்றும் வகை மூன்று மணி நேரம் ஒழுங்காக எரிந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. உள்ளே இருக்கும் பேட்டரி கெட்டால் மாற்றவும் முடியாது. ஒரே பல்பு, இரண்டு சிறிய பேட்டரி, ஒரே ஒரு ஸ்விட்ச் உள்ள சாதுவான டார்ச் மாலையில் நான் கிளம்பும்போது எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையிலும் எரிந்துகொண்டிருந்தது. என் மேலதிகாரி தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, வெளிச்சத்துல குளோரின் எவ்வளவு இருக்கு?" என்றார். ஏழு மாதத்தில் அவர் என்னிடம் அடித்த முதல் ஜோக். அதுவரை எல்லோரும் என்னிடம் மெதுவாகவே பேசிவந்தார்கள்.

சனிக்கிழமை கடை திறக்கும் நேரத்துக்குப் போனேன். எலக்ட்ரிகல் கடையை நடத்துபவர் ஒரு அம்மா. காதில் பென்சில் செருகியிருப்பார்.

"வாங்க தம்பி. பொண்ணு பாக்கறவங்ககூட இத்தனை தடவ வந்து யோசிக்கமாட்டாங்க. எது புடிச்சுது?"

"இதுல மூணு குடுங்க."

"அன்னைக்கே சொன்னேனா இல்லையா? அட்டையில போட்டிருக்கிற வெளிச்சம் எல்லாம் அட்டையோட சரி." மூன்றையும் எரித்துக் காட்டினார். "ஒண்ணு வாசக்கதவுகிட்ட, ஒண்ணு சமையல்கட்டுல. சுவத்தப் பாத்து வைக்காதீங்க. கூரையப் பாத்து நிமித்தி வைங்க, அறை முழுக்கப் பரவும். மூணாவது யாருக்கு?"

"பொண்ணுக்கு. அஞ்சு வயசு. இருட்டுன்னா பயம்."

"அவ கையிலயே குடுத்துருங்க. கையில டார்ச் இருந்தா அப்புறம் இருட்டுதான் அவளைப் பாத்து பயப்படணும்."

பழைய டார்ச்சை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இது செத்துப்போச்சு. வாளியில போட்டுருங்க."

அவர் சும்மா போடவில்லை. அடியைத் திருகித் திறந்தார். இரண்டு பேட்டரிகளும் உள்ளங்கையில் விழுந்தன. மூக்குக்கண்ணாடியை இறக்கிக் குழாய்க்குள் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இத யாரு போட்டது?"

"வீட்டுல. ஏன்?"

"ஒண்ணு கிழக்க பாக்குது, ஒண்ணு மேற்க பாக்குது. புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரி."

"தெரியாம மாத்திப் போட்டிருப்பா."

"தெரியாமலா? நல்லாத் தெரிஞ்சவங்க வேலை தம்பி இது. வீட்டப் பூட்டிட்டு நாலு நாள் வெளிய போறவங்க ஒரு பேட்டரிய மட்டும் திருப்பிப் போட்டு வைப்பாங்க. ஸ்விட்சு எசகுபிசகா தள்ளுப்பட்டாலும் எரிஞ்சு தீராது. வந்ததும் சரியாப் போட்டுக்கலாம்." பேசிக்கொண்டே ஒன்றைத் திருப்பினார், உள்ளே தள்ளினார், மூடினார். ஸ்விட்சைத் தள்ளினார். பகல் வெளிச்சத்திலும் என் சட்டைப் பொத்தான்மேல் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. "இதப்போய் வாளியில போட இருந்தீங்களே! கெட்டிக்காரி உங்க வீட்டம்மா. சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலை நினைவுக்கு வந்தது. ஏழு மாதமாக நான் அந்தக் காலைக்குள் போகவே இல்லை. ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். நான் வாசலில் பையோடு நிற்கிறேன். அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். "அங்க என்ன பண்ற?" என்று கத்துகிறேன். "ரெண்டு நிமிஷம்" என்கிறாள். ஏதோ திருகும் சத்தம்.

திரும்பி வரமாட்டோம் என்று நினைத்தவள் பேட்டரியைத் திருப்பிப் போட்டிருக்கமாட்டாள். நாலாம் நாள் வந்து, என்னைத் திட்டிக்கொண்டே அதைச் சரியாகப் போடுவதாக இருந்தாள். நான் சொன்ன பொய் அவளை வேறு யாரோ ஒருத்தியாக ஆக்கிவிட்டது. எல்லாம் முன்பே தெரிந்தவளாக, பிள்ளையை இன்னாரிடம் என்று ஒப்படைத்துவிட்டுப் போனவளாக. அவள் அப்படிப் போகவில்லை. மகளோடும் என்னோடும் அந்த வீட்டில் இருப்பதற்காகத்தான் போனாள்.

நேராக மாமியார் வீட்டுக்கு பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியவன் சனிக்கிழமை வந்து நின்றதும் அவர் மிஷினிலிருந்து எழுந்துவிட்டார். "என்ன மாப்பிள்ளை, உடம்புக்கு ஏதாவது?"

"இல்ல அத்தை. உக்காருங்க."

வாலு பையைப் பிடுங்கினாள். புதிய டார்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அது அவளுடையதா, எடுத்துக்கொள்ளலாமா, திருப்பித் தரவேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, தையல் மேசைக்கு அடியில் நுழைந்துகொண்டாள். மேலிருந்து தொங்கிய நீலச் சீருடைத் துணி திரைபோல மூடிக்கொண்டது.

நான் பழைய டார்ச்சை மாமியார் கையில் வைத்தேன். கதவுக்குப் பின்னால் அவள் நின்றதையும் கடையில் நடந்ததையும் சொன்னேன். பிறகு நிறுத்தினால் சொல்லமுடியாது என்பதால் நிறுத்தாமல், "வாலுவ நீங்க பாத்துக்கணும்னு அவ சொல்லல அத்தை. நான்தான் அப்படிச் சொன்னேன்" என்றேன்.

அவர் விரலில் இருந்த தையல் கவசத்தைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"ஏழு மாசமா அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டுத்தான் காலையில எந்திரிக்கிறேன்."

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சும் இப்ப வந்து சொல்றீங்க."

"ஆமா."

அவர் டார்ச்சின் அடியைத் திருகினார். பேட்டரிகளை வெளியே எடுத்தார், தராசில் நிறுப்பதுபோல இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மறுபடி உள்ளே போட்டு மூடி, ஸ்விட்சைத் தள்ளினார். கூரையில் வட்டம் விழுந்தது. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.

"அவ அப்படித்தான்" என்றார். குரல் ஒரு மாதிரி உடைந்து, சிரிப்புபோலக் கேட்டது. "சின்ன வயசுலயே பல்பொடி தீர்ந்த டப்பாவக்கூட கழுவி வைப்பா."

மேசைக்கு அடியில் நீலத்துணி உள்ளிருந்து ஒளிர்ந்தது. சின்ன ஐந்து விரல்களின் நிழல் அதில் பெரிதாக விரிந்து, மடங்கி, மறுபடி விரிந்தது. "பாட்டி, லைட்ட அணைங்க!" என்று சத்தம் வந்தது. "இன்னும் இருட்டாகணும்!"

மாமியார் எழுந்துபோய் மிஷின் விளக்கை அணைத்தார். ஜன்னலையும் சாத்தினார். அலமாரிமேல் இருந்த வாலுவின் பள்ளிப்பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி. நிஜமா என்ன சொன்னா என் பொண்ணு?"

வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார்கள். தள்ளுவண்டி ஆபரேஷன் தியேட்டர் கதவருகே நின்றது. அவள் பச்சைத் துணிக்கு வெளியே கையை நீட்டி, என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன்.

"நான் திரும்பி வர்றவரைக்கும் வீட்டுல எதையும் தூக்கிப் போட்டுறாதீங்க. சொல்லிட்டேன்."