கடைசி நாள் முத்திரை

ஸ்காட்லாந்தின் அந்தக் கோடித் தீவிலிருந்து சனங்கள் எல்லோரும் ஒரேயடியாகக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தபால் நிலையத்துக்கும் அன்றோடு மூடுவிழா. கடைசி நாள் முத்திரைக்காகத் தபால்தலை சேகரிப்பவர்கள் படகு நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். நீட்டிய உறைகளில் ஒன்றிலும் கடிதமில்லை. முகவரியெல்லாம் அவரவர் வீட்டு முகவரி. எழவு வீட்டில் பந்திக்கு முந்துகிற கூட்டம் என்று நினைத்துக்கொண்டாள் தபால்காரி இஷ்பெல்.

"தெளிவா குத்தும்மா. மை அப்பிக்கிச்சுன்னா காலணாவுக்குப் பெறாது," என்றார் ஒரு கிளாஸ்கோக்காரர். "அப்புறம், அடுத்து எந்தத் தீவு காலியாகுதுன்னு தெரிஞ்சா சொல்லு. இப்பவே படகுல இடம் பிடிச்சிடறேன்."

"அதுக்கென்ன, சொல்றேன்," என்ற இஷ்பெல், முத்திரையை ஓங்கிக் குத்தினாள். மை காய்வதற்குள் கம்பளிச் சட்டையின் முழங்கையால் உறையை அழுத்தித் தேய்த்தாள்.

"அடுத்த ஆள் வாங்க!"