மூடக் கூடாத வால்வு

டொம்!

சமையலறைச் சுவருக்குள்ளிருந்து வந்த சத்தத்தில், கௌரியின் மடியில் கிடந்த பத்தொன்பது நாள் குழந்தை துள்ளி விழித்தது. மறுபடி டொம், டொம். யாரோ சுவருக்குள் நின்று சம்மட்டியால் இடிப்பதுபோல. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.

"ராமநாதன் அண்ணை! ஓடி வாங்கோ!"

ராமநாதன் தரைப் பலகைக்கு அடியில் குழாயை அறுத்துக்கொண்டு கிடந்தார். மலேசியாக்காரர். ஒடாஹுஹு என்ற ஊரின் கம்பெனி ஒன்றில் வீடுகளுக்கு ஹீட்டிங் போடுபவர். பூமியின் இந்தத் தென்பாதியில் குளிர்காலமான ஜூலையின் குளிர் தாங்காமல், குழந்தையின் அறைக்கும் ஒரு ரேடியேட்டர் வேண்டுமென்று அவரைக் கூப்பிட்டுவிட்டு, கௌரியின் கணவன் தவராசா வேலைக்குப் போய்விட்டான்.

"சுடுதண்ணி நிக்காது, தங்கச்சி," என்று காலையில் அவர் சொல்லியிருந்தார். "ரேடியேட்டர் பக்கத்தை மட்டும் அடைச்சிட்டேன். விறகடுப்புக்குப் பின்னால சூடாகிற தண்ணி தொட்டிக்குப் போற இந்த வால்வு திறந்தே இருக்கணும். அடுப்புல ரெண்டு கட்டை போதும்."

சுடுதண்ணீரை நிறுத்த யார் விடுவார்கள்? பிள்ளை பெற்ற உடம்புக்கு முப்பத்தொரு நாளும் பச்சிலை போட்ட வேதுத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வார்த்தே ஆகவேண்டும் என்பது தவராசாவின் அக்கா சரோஜாதேவியின் சட்டம். அவர் காலையில் சொன்னதை அவளும் பக்கத்தில் நின்று கேட்டவள்தான்.

ராமநாதன் தூசியும் சிலந்தி வலையுமாக ஓடி வந்தார். குழாயருகே உள்ளங்கையைக் கொண்டுபோனவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடுப்பு தகதகவென்று எரிந்தது.

"யாரு இவ்வளவு கட்டை போட்டது?"

"நான்தான்," என்றாள் அடுப்படியில் நின்ற சரோஜாதேவி. "ரெண்டு கட்டையிலை கொதிக்கிறதுக்கு இது என்ன தேத்தண்ணியோ?"

அவர் கண் வால்வில் நின்றது. முகம் வெளிறியது.

"இதை யாரு மூடினது?"

"மூடாத பானை கெதியாக் கொதிக்குமோ? அதுதான் மூடினனான்."

"ஐயோ அக்கா, இது பானை இல்ல! ஆவி போக வழியில்லாம உள்ள முட்டிக்கிட்டு நிக்குது. வெடிச்சா இந்தச் சுவரே இருக்காது. தங்கச்சி, பிள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடு!"

கௌரிக்கு எப்படி வாசலைத் தாண்டினாள் என்று தெரியாது. வெறுங்கால் ஈரப்புல்லில் விறைத்தது. குழந்தையைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். மச்சாள் வரவில்லை! ஜன்னல் வழியே தெரிந்தாள், கையில் வாளித் தண்ணீரோடு அடுப்பை நோக்கி.

"தண்ணி ஊத்தாதீங்க! சூட்டுல இரும்பு பிளந்துரும்!" ராமநாதன் வாளியைத் தட்டிவிட்டார். "சாம்பல்! சாம்பலை அள்ளிப் போடுங்க!"

அவர் கொள்ளிகளை மண்வெட்டியால் இழுத்து இரும்புச் சட்டியில் போட, அவள் வெறுங்கையால் சாம்பலை அள்ளிக் கொட்டினாள். டொம். கௌரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டொம். நல்லூரானே, இந்தப் பிஞ்சைக் காப்பாற்று. இன்னொன்று, மெதுவாக. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

ராமநாதன் வந்து படியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நல்லா ஆறட்டும். அதுக்கப்புறம்தான் வால்வைத் தொடணும். யாரும் உள்ள போகாதீங்க."

சரோஜாதேவி பின்னால் வந்தாள். முழங்கைவரை சாம்பல். விரல்கள் கொப்புளித்திருந்தன. கௌரிக்குப் பயம் போன இடத்தில் கோபம் பொங்கியது.

"அண்ணை அவ்வளவு சொல்லியும் கேட்டனீங்களோ, மச்சாள்? ஒரு நாள் சூடு குறைஞ்சா நான் செத்தே போயிடுவனோ?"

சரோஜாதேவி குழந்தையையே பார்த்தாள்.

"எண்பத்திமூண்டுக் கலவரத்திலை, கொழும்பு அகதி முகாமிலை, பிள்ளை பெத்த எனக்குப் பச்சைத் தண்ணிதான் வார்த்தவை, கௌரி, எட்டாம் நாள் காய்ச்சல் வந்து நான் தப்பீட்டன், என்ரை குஞ்சு தப்பேல்லை."