வட்டப்புழுவுக்குச் சுறா எண்ணெய்

மண்ணுக்குள் புகுந்து வண்டின் புழுக்களைக் கொல்லும் வட்டப்புழு எவ்வளவு காலம் பட்டினி தாங்கும் என்பது அதன் உடம்புக் கொழுப்பைப் பொறுத்தது. அந்தக் கொழுப்பில் எந்தக் கொழுப்பமிலம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. எங்கள் என்றால், வேலை என்னுடையது, பெயர் என் மேற்பார்வையாளர் கதிர்காமநாதன் சேருடையது. ஒன்றரை வருடம் புழு வளர்த்த என்னைக் கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், குளிர்சாதனப் பெட்டி திருத்தியவருக்குக் கீழே போட்டிருந்தார்.

"சேர், என்ர பெயரை எழுதினவையோட போடுங்கோ."

"பிள்ளை, நீர் உதவியாளர். நன்றி சொல்லியிருக்கிறன்தானே?"

அவருக்கு அவசரம். முல்லைத்தீவு மண்ணில் நான் எடுத்த வட்டப்புழுவில், கடல் மீனில் காணும் கொழுப்பமிலம் ஒன்று தலை நீட்டியிருந்தது. தரைப்புழுவில் அது இருக்க நியாயமில்லை. உடனே புது இனம் என்று முடிவுகட்டி, 'கதிர்-1' என்று பெயரும் வைத்துவிட்டார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேலைநிறுத்தத்தில் பல்கலைக்கழக வளாகம் பூட்டிக் கிடந்த இரண்டு கிழமை, வட்டப்புழுவுக்கு இரையாகும் மெழுகுப்புழுக்களைக் கொஞ்சம் அம்மாதான் எங்கள் வீட்டில் வளர்த்தார். முல்லைத்தீவு வட்டப்புழு தின்றது அவற்றைத்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்தவரைப் பிடித்தேன்.

"தீனியில என்னம்மா கலந்தனீங்கள்?"

"நீ தந்த தவிடும் தேனும்தான். எல்லாம் நூல் மாதிரிக் கிடந்துது. பாவமெண்டு கொஞ்சம் சுறா எண்ணெய் விட்டனான்."

"புழுவுக்கோ?"

"உனக்கும் அதைத்தானே பருக்கினனான். நீ வளந்து கம்பசுக்குப் போகேல்லையோ?"

திங்கள் காலை சேரிடம் போனேன். "சேர், அந்த முடிவில ஒரு பிழை..."

"மாநாட்டில வாயைத் திறக்காதையும். திரையில படம் மாத்த மட்டும் நில்லும்."

மூன்று தரம் சொல்லப் போனேன். மூன்று தரமும் கையைக் காட்டினார். சரியென்று விட்டுவிட்டேன். எனக்குப் பொறுமை அவ்வளவுதான்.

மாநாட்டில் அரைமணி நேரம் கதிர்-1 புராணம். நான் ஒழுங்காகப் படம் மாற்றினேன். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ராஜினி கையை உயர்த்தினார்.

"மெழுகுப்புழுவுக்கு என்ன தீனி போட்டனீங்கள்?"

சேர் என் பக்கம் திரும்பினார். "அது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்."

ஒலிவாங்கியை வாங்கினேன். "சுறா எண்ணெய், மடம். அம்மா விட்டவா. சேருக்குச் சொல்லப் போனனான், அவருக்கு நேரமில்லை. இது புது இனமில்லை, சாதாரணப் புழு. ஆனா பட்டினி போட்டுப் பார்க்க, வளாகத் தீனியில வந்ததைவிட இது பதினொரு நாள் கூட உயிரோட கிடந்தது."

மண்டபம் சிரித்தது. ராஜினி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்.

"தண்ணியிலயோ, மண்ணிலயோ?"

"மண்ணில, மடம். மூண்டு தரம் செய்து பார்த்தனான்."

"அப்ப அதுதான் கட்டுரை. ஆர் எழுதுறது?"

சேர் தொண்டையைச் செருமினார். ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது.

"நான்தான், மடம். பஸ்தியாம்பிள்ளை டக்சாயினி."