மூங்கிலை மூன்றடி இறக்குவது பற்றி

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் என் மனைவியின் கழுத்து என்று சொன்னால் கௌரவக் குறைச்சல். அதனால் ருக்கு என்று ஒருத்தியை உண்டாக்கி, 1944-இல், பம்பாயில், இதே மாதுங்காவில் மூன்றாம் மாடி ஒற்றை அறையில் குடிவைத்து, வலியை அவளுக்கு மாற்றிவிட்டேன். எழுத்தாளனுக்கு இந்த வைத்தியம் மட்டும் நன்றாக வரும்.

முதல் வரி: மாதுங்காவின் அந்திச் சூரியன் தகதகவென்று…

(அடித்தாயிற்று. கழுத்து திரும்பாதவள் சூரியனை எங்கே பார்ப்பது?)

இரண்டாவது முயற்சி: பின்னல் போட்டுக்கொள்ள ருக்குவின் கை தலைவரை எட்டவில்லை.

இது இருக்கட்டும்.

2.
வலி வந்து ஐந்து மாதம். காதுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டையில் இறங்கி, முழங்கைவரை வந்துவிட்டது. புருஷன் மகாதேவன், கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, கொடுமைக்காரன் இல்லை. அப்படி எழுதியிருந்தால் என் வேலை சுலபம்.

வாயு என்றார் வைத்தியர், தைலம் வந்தது. தலையணை உயரம் என்றார் பக்கத்து அறை ஜகந்நாதன்; தலையணை போயிற்று. பல்லிலிருந்து விஷம் கழுத்துக்கு இறங்குகிறது என்றார் இங்கிலீஷ் டாக்டர். நல்ல கடைவாய்ப்பல் இரண்டு போயின. வலி மட்டும் எங்கேயும் போகவில்லை.

3.
கடைசியில் பேராச்சி. தாராவியிலிருந்து தலையில் கீரைக்கூடையோடு வருகிறவள், சுளுக்கும் வழிப்பாள். (அவள் கழுத்து வலிக்காதா என்று கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. கதையில் ஒரு கழுத்துக்குத்தான் இடம்.)

அவளை உள்ளே விடுகிற வழக்கம் இல்லை. ருக்கு வாசல்படியில் உட்கார்ந்தாள். எண்ணெய் தொட்டு வழித்துக்கொண்டே பேராச்சி உள்ளே அண்ணாந்து பார்த்தாள். கூரைக்கு ஒரு முழம் கீழே, கயிற்றில் தொங்கும் மூங்கில். அதில் ஒன்பது கஜம் மடிப்புடவையும் வேஷ்டியும், யாரும் பட்டுவிடாத உயரத்தில்.

"அதுல துணி போடுதது யாரும்மா?"

"நான்தான். விடிஞ்சா குளிச்சு, நனைச்சு, கோலால தூக்கிப் போடணும்."

"ஈரப் பொடவையைத் தெனமும் அண்ணாந்து தூக்குனா கழுத்து என்னத்துக்கு ஆவும்? மூங்கிலை மூணடி எறக்கிக் கட்டச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் எதுக்கு?"

ஐந்து மாதத்தில் முதல்தடவையாகக் கழுத்து கொஞ்சம் திரும்பியது. ஆனால் பேராச்சி தொட்டாயிற்றே! ருக்கு மறுபடி குளித்தாள், மறுபடி புடவையை நனைத்தாள், மறுபடி கோலால் தூக்கினாள். கழுத்து பழையபடி பிடித்துக்கொண்டது.

4.
சாயங்காலம் மகாதேவனிடம் சொன்னாள்.

"இறக்கறதாவது! ஆபீஸ் சட்டை பட்டுடும். மடி என்னத்துக்கு ஆறது?"

(லோக்கல் ரயிலில் ஊரார் தோளிலெல்லாம் சாய்ந்து வருகிறவன் சொல்கிறான். இதை ருக்கு அவனிடமே கேட்பதாக நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவள் அப்படிப் பேசினால் அப்புறம் என் வீட்டிலும்…)

"பேசாம பாலக்காட்டுக்குப் போய் நாப்பத்தோரு நாள் எண்ணெய்ப் பிழிச்சல் வைத்தியம் பண்ணிண்டு வா. டிக்கெட்டுக்குச் சொல்லியாச்சு. பாகீரதிக்குப் பரீட்சை, அவ இங்கேயே இருக்கட்டும். எங்க அக்கா வந்து பாத்துப்பா."

பாகீரதிக்கு ஏழு வயது. அம்மாவைவிட்டு ஒரு நாள் இருந்ததில்லை.

"மூங்கிலை மூணடி இறக்க மாட்டேள். என்னை மட்டும் ஆயிரம் மைல் இறக்கறேளா?"

மகாதேவன் சந்தியாவந்தனத்துக்குப் போய்விட்டான்.

5.
முடிவு அ: மகாதேவன் மனம் மாறி மூங்கிலை இறக்குகிறான். (எழுதிய எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு ஆ: ருக்கு ரயிலேறுகிறாள். ஜன்னலுக்கு வெளியே பாகீரதி… (வேண்டாம். அழவைப்பது சுலபம்.)

முடிவு இ: மறுநாள், அவன் ஆபீஸ் போனதும், ருக்கு ஸ்டூலைப் போட்டு ஏறுகிறாள். முடிச்சுக்குக் கையை நீட்டுகிறாள். எட்டவில்லை. கை அந்த உயரம் போகுமானால் இந்தக் கதையே இல்லையே.

நான் எழுந்துபோய் அவிழ்க்கலாம்தான். ஆனால் உள்ளே எங்கள் வீட்டு மூங்கிலில் கோல் இடிக்கும் சத்தம் கேட்கிறது. என் வேஷ்டி ஏறிக்கொண்டிருக்கிறது. நடுவில் எழுந்தால் கதையின் கோர்வை போய்விடும்.

நீங்கள் சும்மா படித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? கழுத்தும் நன்றாக இருக்கிறது. ருக்கு இன்னும் ஸ்டூல்மேல்தான் நிற்கிறாள். இரண்டே முடிச்சு.