பத்தாவது சொல்லுக்கு ஆள்

யூத ஆலயத்தின் குருவான ரபி ஒவ்வொருவராகக் கையால் காட்டிக்கொண்டே அந்த வசனத்தைச் சொன்னார். பத்தே சொற்கள் கொண்ட வேத வசனம். யூதர்கள் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார்கள். ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஒன்பதாவது சொல் கதவோரத்துக் கிழவரோடு முடிந்தது. வாசலில் பனித் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு நின்ற புஷ்பவதிக்கு ஹீப்ருவில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்த வசனம் எங்கே முடியவேண்டும் என்று தெரியும். பதினாறு வருடங்களாகக் கேட்கிறாள்.

பத்து ஆண்கள் கூடினால்தான் அது சபை. மாடியில் இரண்டு பெண்கள் அந்தப் பனியிலும் நடந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள். அதைப் பற்றிப் புஷ்பவதிக்குத் தனி அபிப்பிராயம் உண்டு, யாரும் கேட்டதில்லை. சபை கூடாவிட்டால் முன்வரிசையில் இருக்கும் அமார் என்ற பெரியவர் தன் தாயாருக்கான பிரார்த்தனையைச் சொல்ல முடியாது. தாயார் டிசம்பரில், தொண்ணூற்றாறு வயதில் போனவர். மகன் பதினொரு மாதம் நாள் தவறாமல் சபை நடுவே நின்று சொல்லவேண்டும். அமார் இதுவரை ஒரு நாளும் தவறவிடவில்லை. இன்று சனிக்கிழமை, ஓய்வு நாள். யாரும் கார் ஓட்டமாட்டார்கள், தொலைபேசியைத் தொடமாட்டார்கள். வெளியே முழங்காலளவு பனி.

“இண்டைக்குப் பத்துப்பேர் வரமாட்டினம்” என்று காலையில் காரில் வரும்போதே புஷ்பவதி கணவரிடம் சொன்னாள்.

“வராட்டி உனக்கென்ன? நீ நிலம் துடைக்கிறனி” என்றார் பேரின்பநாதன். நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரிலிருந்து இந்தப் பனியில் மனைவியைக் கொண்டுவந்து இறக்கும் எரிச்சல் அவருக்கு. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “அந்தத் தகட்டுக் கதையை மட்டும் எடுத்துப்போடாதை. வேலை போயிடும்” என்றார்.

நிலம் துடைக்கிறவள்தான். ஆனால் அவள் இல்லாவிட்டால் சனிக்கிழமைகளில் அந்தக் கட்டடம் ஓடாது. விளக்குப் போடுவதும் அணைப்பதும் அவர்களுக்கு அன்றைக்கு ஆகாது. வேறொருவரைப் போடச் சொல்லிக் கேட்பதும் ஆகாது. ஆகவே யாராவது கூரையைப் பார்த்து, “இந்தப் பக்கம் கொஞ்சம் இருட்டுப் போல” என்பார்கள். புஷ்பவதி விளங்கிக்கொள்வாள். ஈரம் ஏறினால் முன்வரிசை விளக்குகள் அணைந்துபோகும். நிலவறைக்கு இறங்கி ட்ரிப் சுவிட்சைத் தட்டவேண்டும், அதுவும் எத்தனையாவது சுவிட்ச் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். “பதினாறு வருசம், ஒரு பிழை விட்டதில்லை” என்று அவள் மகளிடமும், மருமகனிடமும், பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடமும்கூடச் சொல்லியிருக்கிறாள்.

விட்ட பிழை ஒன்றே ஒன்று. போன செப்டம்பரில், அவர்களுடைய பெரிய பண்டிகைக்கு முன்னால், ஒவ்வொரு இருக்கையிலும் பூட்டியபடி கறுத்துக் கிடந்த பித்தளைப் பெயர்த்தகடுகளைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக் குத்துவிளக்கைப் போலப் பழப்புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும். புளி பட்டால் மரம் கெட்டுவிடுமே என்று திருகாணியைக் கழற்றி, வரிசை வரிசையாகத் தேய்த்தாள். இரண்டு தகடுகள் கைநழுவி விழுந்தன. எது எந்த இருக்கையினுடையது? எழுத்து எல்லாம் ஹீப்ரு. இதுதான் என்று நினைத்துப் பூட்டிவிட்டாள்.

அவை அமாருடைய தகடும் ஒஹாயோனுடைய தகடும். இருவரும் மொரோக்கோவில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். ஒஹாயோனுக்கு அமாரின் தாயார்தான் பாதி நாள் சோறு போட்டவர். அந்தக் கோடையில்தான் அமார், கால்வலிக்கு இதமாக இருக்கும் என்று ஹீட்டரோரத்து இருக்கையை ஒஹாயோனிடம் கேட்டிருந்தார்; ஒஹாயோன் மறுத்திருந்தார். பண்டிகையன்று வந்து பார்த்தால் ஹீட்டரோர இருக்கையில் அமாரின் பெயர் மினுங்குகிறது. “கள்ளன்!” என்று ஒஹாயோன் கத்தியது மாடிவரை கேட்டது. நிர்வாகத்தலைவர் புஷ்பவதியிடம் வந்து, தகடுகளைக் கழற்றினாயா என்று கேட்டார். வாளித் தண்ணீரைப் பார்த்தபடி, இல்லை, மேலாலே துடைத்தேன் என்று சொன்னாள். அடுத்த வாரமே தகடுகளைப் பழையபடி மாற்றிப் பூட்டினார்கள். ஒஹாயோன் மட்டும் திரும்பி வரவில்லை. அந்தத் தாயாரின் துக்கத்துக்கும் போகவில்லை. தானாக ஆறிவிடும் என்று இவளும் ஐந்து மாதம் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே அமார் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். யாரும் வருகிறார்களா என்று பார்க்கிறாராம். எதிரே ஒஹாயோன் குடியிருக்கும் ஆறுமாடிக் கட்டடத்தைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. புஷ்பவதி துடைப்பானைச் சுவரில் சாத்திவிட்டுக் குளிரங்கியை மாட்டினாள்.

ஆறாவது மாடியில் கதவைத் திறந்த ஒஹாயோன் வெள்ளைப் பிரார்த்தனைச் சால்வை போர்த்திருந்தார். மேசையில் புத்தகம் விரிந்து கிடந்தது. ஆள் தனியே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சண்டை சபையோடுதான், கடவுளோடு இல்லை. பேசியது பிரெஞ்சில். அவளுடைய பிரெஞ்சைத் தமிழாக்கினால் இப்படித்தான் வரும்:

“மெஸ்யே ஒஹாயோன், அந்தத் தகட்டை மாத்தினது அமார் இல்லை. நான். மினுக்கிறதுக்குக் கழட்டினனான், மாறிப் பூட்டிப்போட்டன். கேக்கேக்கை பொய் சொன்னனான்.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கோபிப்பார் என்றுதான் நினைத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்வதற்குத் தயாராகவும் இருந்தாள்.

“அவனுடைய அம்மா செத்தபோது நான் போகவில்லை” என்றார் அவர். “இந்த ஜன்னலில் நின்று ஆட்கள் போவதைப் பார்த்தேன்.”

“ஓம், தெரியும். அங்கை இப்ப ஒன்பது பேர்தான் நிக்கினம். அழுறதெண்டால் பேந்து அழலாம், முதல்ல வாங்கோ.”

அவர் அசையவில்லை. “அவனை எல்லார் முன்னாலும் கள்ளன் என்றேன். நீ இதை எல்லார் முன்னாலும் சொல்வாயா?”

அதை அவள் யோசித்திருக்கவில்லை. காதோடு காதாக முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் வந்திருந்தாள். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

“சொல்லாமல்? சொல்லத்தானே வந்தனான்.”

ஓய்வு நாளில் லிஃப்டில் ஏறமாட்டார். சால்வைக்கு மேலேயே குளிரங்கியைப் போட்டுக்கொண்டு ஆறு மாடியையும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். லிஃப்ட் சும்மா நின்றாலும் புஷ்பவதியும் கூடவே இறங்கினாள். வழியில் மனம் மாறித் திரும்பிவிட்டால் யார் பொறுப்பு? பனியில் அவள் முன்னே நடக்க, அவள் சப்பாத்துத் தடத்திலேயே அவர் கால் வைத்து வந்தார். தெருவைக் கடக்கும்வரை சொல்லவேண்டியதை மனதுக்குள் இரண்டு தரம் அடுக்கிப் பார்த்துக்கொண்டாள். வேலை போனால் போகட்டும், டவுன்டவுனில் துடைக்க நிலம் இல்லாமலா போகும் என்று தனக்குத்தானே தைரியம் சொன்னாள். ஆனால் அந்த ட்ரிப் சுவிட்சை இனி யார் தட்டுவார்கள்?

பதினாறு வருடத்தில் முதல்முறையாகச் சப்பாத்தைக் கழற்றாமல், தான் துடைத்த நிலத்தில் தானே பனி சொட்டச் சொட்ட, மண்டபத்துக்குள் நாலடி நடந்தாள். ஒன்பது தலைகளும் திரும்பின. முன்வரிசை விளக்குகள் எப்போதோ அணைந்திருந்தன. அமாரின் முகம் சரியாகத் தெரியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். கழற்றியது, விழுந்தது, மாறிப் பூட்டியது, பொய் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றும் குறைக்காமல் சொன்னாள். நிர்வாகத்தலைவரின் பக்கம் திரும்பியும் ஒருதரம் சொன்னாள். முடிந்ததும் அவள் பின்னால் நகர்ந்து வாசலில் போய் நின்றுகொண்டாள்.

ஒஹாயோன் ஹீட்டரோரத்துக்குப் போகவில்லை. அமாருக்குப் பக்கத்தில், புத்தகம் வைக்கும் வெற்றிருக்கையில் போய் நின்றார். ரபி கையை நீட்டி வசனத்தைத் தொடங்கினார். பத்தாவது சொல் ஒஹாயோனின் மேல் வந்து முடிந்தது.

அமார் தாயாருக்கான பிரார்த்தனையைச் சொன்னபோது குரல் இரண்டு இடத்தில் நின்றது. அந்த இரண்டு இடத்திலும் பக்கத்திலிருந்த ஒஹாயோன் “ஆமென்” என்று உரக்கச் சொல்லிக் கைகொடுத்தார். புஷ்பவதி துடைப்பானை எடுக்கவில்லை. இனி இங்கே எதையும் தொடலாமோ தெரியவில்லை. கைகளைக் குளிரங்கிப் பைக்குள் விட்டபடி, நிர்வாகத்தலைவர் எப்போது தன் பக்கம் திரும்புவார் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பியது அமார். நேராக அவளைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, முகத்தைக் கூரைக்கு உயர்த்தினார்.

“இந்தப் பக்கம் கொஞ்சம் இருட்டுப் போல” என்றார்.

புஷ்பவதி சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, நிலவறைப் படிகளில் வெறும் காலுறையோடு இறங்கினாள். பெட்டியைத் திறந்து, தடவிப் பார்க்காமலே இடமிருந்து ஏழாவதில் விரலை வைத்தாள்.