காரணம்: பாதுகாப்பு

அந்தக் கணவனும் மனைவியும் பகலில் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும். அவன் மின்வாரியக் கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர். அவள் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, தன் அண்ணனின் ஏழு காற்றாலைகளை இயக்குகிறவள். அவன் உத்தரவு சொல்வான். அவள் அதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பொத்தானில் கை வைக்கலாம்.

அந்த விதிதான் இருவரையும் சேர்த்தும் வைத்தது. எட்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில், "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று அவன் கேட்டுவிட்டான். பழக்கதோஷத்தில் அவள், "கல்யாணம் பண்ணிக்கலாம். நேரம் பத்து இருபது" என்றாள். கட்டுப்பாட்டு அறையே அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டுச் சிரித்தது.

"என் தங்கச்சி ரெக்கார்டுல மாட்டிக்கிட்டா மாப்பிள்ளை. இல்லேன்னா உங்களுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று அண்ணன் இன்னும் சீண்டுவான்.

இந்த வருடம் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் மதியமானால் அவன் குரல் வந்தது. "ஏழையும் நிறுத்துங்க. காரணம் பாதுகாப்பு."

"ஏழையும் நிறுத்தறேன். காரணம் பாதுகாப்பு."

இப்படி அறுபத்திரண்டு நாட்கள்.

ஒரு நாள் வீட்டில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அப்படி என்னங்க ஆபத்து? லைன் தாங்காதா?"

"லைனெல்லாம் தாங்கும். மதியத்துல வாரியத்துக்குச் சந்தையில கரண்ட் சல்லிசா கிடைக்குது. மச்சானுக்குன்னா கூடுதலா ஒப்பந்த விலை குடுக்கணும்ல? நிறுத்தச் சொல்லி மேல இருந்து வருது."

"அதையே காரணமாச் சொல்றதுதானே?"

"விலைக்காக நிறுத்தினா நஷ்டஈடு குடுக்கணும்னு சட்டம். பாதுகாப்புன்னா ஒரு பைசா வேண்டாம்."

மடித்த சட்டையை அவள் மறுபடி உதறி மடித்தாள்.

காற்றாலைக் கடனுக்கான வங்கித் தவணை மூன்று தவறியதும் அண்ணன் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் வழக்குப் போட்டான். விசாரணைக்கு முந்தைய மாலை அவள் கணவனிடம் கெஞ்சினாள்.

"நாளைக்கு உள்ளதைச் சொல்லிடுங்களேன்."

"அறுபத்திரண்டு பதிவுலயும் என் குரல்தான் இருக்கு. மேல இருந்து சொன்னதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க."

"அப்ப நான் சொல்லட்டுமா?"

அவன் மறுநாளைக்கான சட்டையை எடுத்து, பொத்தான் அறுந்த இடத்தைத் தடவினான். "உன் இஷ்டம்" என்றான்.

ஆணையத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் கணவன் "பாதுகாப்பு" என்றான். பிறகு அவளை அழைத்தார்கள். மின்வாரிய வக்கீல் பதிவுகளைப் போட்டுக் காட்டினார். கணவன் குரல், அவள் குரல், கணவன் குரல், அவள் குரல்.

"வேற காரணம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமாம்மா?"

கணவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்துப்பட்டையில் அவள் காலையில் தைத்துக் கொடுத்த பொத்தான்.

"சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அவ்வளவுதான்" என்றாள்.

வழக்கு தோற்றது. வெளியே படியிறங்கும்போது அண்ணன் அவள் தலையைத் தடவினான். "நீ என்ன பண்ணுவ பாப்பா? உனக்கு என்ன தெரியும்? வா, ஏதாவது சாப்பிடு."

அவள் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

இரண்டு மாதத்தில் வங்கி காற்றாலைகளை எடுத்துக்கொண்டது. பிரித்து விற்கப்போகிறார்கள். அதற்காக நிறுத்தக் கோரும் கடிதத்தில், உரிமையாளர் என்று அண்ணனிடமே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கடைசி நாள் காலை, அண்ணன் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஜன்னல் வழியே பார்த்து நின்றான். ஏழும் சுற்றிக்கொண்டிருந்தன. தொலைபேசி மணி அடித்தது. அண்ணன் ஒலிபெருக்கியைப் போட்டான்.

"ஏழையும் நிரந்தரமா நிறுத்துங்க" என்றான் கணவன். "காரணம் உரிமையாளர் கோரிக்கை."

"ஏழையும் நிரந்தரமா நிறுத்தறேன்." அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"காரணம்?" என்று அவன் நினைவுபடுத்தினான்.

கோரிக்கை வைத்த உரிமையாளரின் மூச்சு அவள் பின்னாலேயே கேட்டது.

"காரணம்," என்றாள், "சந்தையில சல்லிசாக் கிடைச்ச கரண்ட்டு."

மறுமுனையில் அவன் தொலைபேசியை வைக்கவில்லை. நாற்காலியைப் பிடித்திருந்த கை மெல்ல விலகியது.

"இது உனக்கு எப்பத்திலேருந்து தெரியும் பாப்பா?" என்று கேட்டான் அண்ணன்.

அந்தக் கேள்வியும் பதிவானது. அவள் சொன்ன பதிலும்.