பத்தாவது கிலோமீட்டர்

நித்தியமல்லி இல்லம் ஒன்றும் ஒளிந்துகொண்டிருக்கிற இடம் இல்லை. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டி, இடது கைப் பக்கம், பச்சை கேட்டோடு ரோட்டைப் பார்த்தபடி நிற்கிற ஆறு ரூம் லாட்ஜ். வாசலில் பெயர்ப்பலகை, பலகை மேலே கொடி, கொடி நிறையப் பூ. சாயங்காலமானால் வாசனை ரோடு வரைக்கும் போய் ஆளைக் கூப்பிடும். கண்ணும் மூக்கும் இருக்கிற எவனுக்கும் தெரியும். போனில் தேடினால் மட்டும் காணோம்!

ஆதிலட்சுமி தினமும் காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து தன் லாட்ஜைத் தானே தேடுவாள். "திருவண்ணாமலை லாட்ஜ்" என்று தட்டுவாள். முதல் பக்கம் பூராவும் பெரிய பெரிய கம்பெனிகள். ரெண்டாவது பக்கமும் அவர்களே, வேறு சட்டை மாட்டிக்கொண்டு. தள்ளிக்கொண்டே போனால் ஏழாவது பக்கத்தில், ஒரு மரக்கடைக்கும் மூடிப்போன ஒரு மெஸ்ஸுக்கும் நடுவில், நித்தியமல்லி இல்லம். ஏழாவது பக்கம் வரைக்கும் எந்தப் புண்ணியவான் வருவான்? சொந்தக்காரியே மூச்சு வாங்கித்தான் வந்து சேருகிறாள்.

பௌர்ணமி அன்றைக்கு ரூம் நிறைந்துவிடும். அன்றைக்கு மாட்டுக்கொட்டகைகூட நிறையும். மற்ற நாளெல்லாம் விரித்த பெட்ஷீட் விரித்தபடியே கிடக்கும். பதினாறு வருஷம் ஊரான் லாட்ஜில் பெட்ஷீட் துவைத்தவள் அவள். தனக்கென்று கட்டின இடத்தில் துவைக்கப் பெட்ஷீட் இல்லை என்றால் வயிறு எரியாதா?

அந்த எரிச்சலை மோப்பம் பிடித்த மாதிரி வந்து சேர்ந்தான் பிரசாத். இந்தியா பூராவும் லாட்ஜ் வைத்திருக்கும் 'நிழல் ஸ்டேஸ்' கம்பெனியின் ஆள். காரிலிருந்து இறங்கி, ஷூவில் புழுதி படாமல் வாசலிலேயே நின்று பேசினான்.

"பில்டிங் உங்களது, வேலை உங்களது, பேரு மட்டும் எங்களது மேடம். முதல் பக்கத்துல வந்துடுவீங்க. இந்தப் பலகையை எடுத்துட்டு 'நிழல் 417'னு வச்சிடுவோம். அடுத்த பௌர்ணமிக்கு அக்ரிமென்டோட வர்றேன், யோசிச்சு வைங்க."

நானூத்திப் பதினேழு! ஜெயிலில் இருப்பவனுக்கு வைக்கிற மாதிரி ஒரு நம்பர். ஆதிலட்சுமிக்கு வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிக்கொண்டாள். காலி ரூமை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு ரோஷப்பட முடியும்?

அவள் புருஷன் முருகவேல் ஆட்டோ ஓட்டுபவர். அவர்தான் சுருதியைப் பற்றிச் சொன்னார். கீழ்பென்னாத்தூர்ப் பெண். டவுனில் சின்னச் சின்னக் கடைகளைப் போன் தேடலில் முன்னுக்குக் கொண்டுவருகிற வேலை செய்கிறாள். மறுநாளே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். லேப்டாப்பைத் திறந்து நித்தியமல்லி இல்லத்தின் விவரத்தைப் படித்தவள் ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, கோயிலிலிருந்து பத்து கிலோமீட்டர்னு போட்டது யாரு?"

"நான்தான். ஏன், பத்துதானே?"

"மேப்ல நாலுதான்கா காட்டுது!"

"அது எதிர்ப்பக்கமா வர்ற வழிமா. கோயில்ல கிளம்பி, மலை வலது கைப் பக்கம் இருக்கிற மாதிரி சுத்தி வந்தா பத்து. மலைய இடது கையில வச்சிக்கிட்டு யாராவது நடப்பாங்களா?"

சுருதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! கோயில் பக்கத்துல ரூம் தேடுறவங்க கண்ணுல நீங்க எப்படிக்கா படுவீங்க? மத்தவங்கல்லாம் ஐந்நூறு மீட்டர், அறுநூறு மீட்டர்னு போட்டிருக்காங்க. நீங்க பத்து கிலோமீட்டர்!"

"சரி, நாலுனு மாத்திடு. முதல் பக்கத்துக்கு வந்துடுமா?"

சுருதி பொய் சொல்லத் தெரியாத பெண். "ஏழாவதுலேர்ந்து அஞ்சாவது பக்கத்துக்கு வரும்கா" என்றாள். நாளைக்கு மாற்றித் தருகிறேன் என்று கிளம்பிப் போனாள்.

அன்றைக்கு மேகம் போட்டிருந்தது. மலை இடுப்பு வரைக்கும் மூடிக்கொண்டு தூங்கிற்று. சாப்பிட்டுவிட்டு வாசல் நாற்காலியில் சாய்ந்த ஆதிலட்சுமிக்கும் கண் சொருகியது. கனவிலும் அதே ரோடு. ஜனங்கள் இடது ஓரமாகவே போகிறார்கள். மலைப் பக்கத்து ஓரம் சித்தர்கள் நடக்கிற இடம், யாரும் மிதிக்க மாட்டார்கள். அந்த ஓரத்தில் இவள் மட்டும் தனியாக நிற்கிறாள். போகிறவர்கள் எல்லோரும் போனை உதட்டருகே வைத்து என்னவோ கேட்டுக்கொண்டே போகிறார்கள். கேள்விகள் அவர்கள் தோளை விட்டுக் கிளம்பி, இலவம் பஞ்சாக மிதந்து, இவள் முகத்தில் உரசிக்கொண்டு போகின்றன. "இங்க இருக்கேன், இங்க இருக்கேன்" என்று கை ஆட்டுகிறாள். ஒருத்தரும் திரும்பவில்லை. 'ஐயோ, நானும் சித்தர் ஆயிட்டேனா? இருக்கேன், ஆனா யார் கண்ணுக்கும் தெரியலியே' என்று கனவிலேயே அழுகை வந்துவிட்டது.

விழிப்புத் தட்டியபோது கன்னம் ஈரம். தூறலா, கண்ணீரா தெரியவில்லை. கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. காது கொடுத்துக் கேட்டால் நிஜமாகவே ஒரு குரல்.

கேட்டுக்கு வெளியே, சிறு பாலத்துக் கட்டையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் போனை வாயருகே வைத்து, "கிரிவலப் பாதையில இருக்கோம். பத்து கிலோமீட்டர் வந்துட்டோம். அப்பாவால கால் எடுத்து வைக்க முடியல. உட்கார இடம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். போன் கோயிலை ஒட்டி இருக்கிற பெரிய லாட்ஜ்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தது. பத்தடியில் ஆதிலட்சுமி நின்றிருந்தாள்.

"அட, ஏம்மா அதைக் கேக்கிற! என்னைக் கேளு!" என்று கேட்டைத் திறந்துகொண்டு ஓடினாள்.

பெரியவரை உள்ளே கூட்டி வந்தாள். பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர், ஒரு கை கல்லுப்பு. அவர் காலை வைத்ததும் "அப்பாடா" என்று விட்ட மூச்சில் தூங்கியே போய்விடுவார் போலிருந்தது. ஆதிலட்சுமி அந்த மூச்சைக் கேட்டபடி நின்றாள். பிறகு போனை எடுத்து சுருதியைக் கூப்பிட்டாள்.

"சுருதி, பத்தை நாலா மாத்திட்டியா? மாத்தாத! பத்து பத்தாவே இருக்கட்டும். கோயில் பக்கத்துல ரூம் தேடுறவன் நமக்கு வேணாம்மா. அவனுக்கு நூறு பேர் அடிச்சிக்கிறாங்க. பத்தாவது கிலோமீட்டர்ல கால் போனவனுக்கு யார் இருக்கா? சொல்லு!"

மறுமுனையில் சுருதியின் குரல் எகிறியது. "அக்கா! பாதி வழியில கால் வலிச்சுத் தேடுறவங்களுக்குனு ஒருத்தனும் எழுதலக்கா! ஒரே ஒரு கம்பெனிகூட எழுதல!"

அன்றிலிருந்து ஆதிலட்சுமிக்கு வாசலில் உட்காருவதே வேலை. போகிறவர்கள் கேட்பதை அவர்கள் வாயில் வருகிறபடியே எழுதிக்கொள்வாள். 'இன்னும் எவ்ளோ தூரம்? அம்மாவுக்குக் கால் வீங்கிடுச்சு, இன்னா பண்றது? இங்க பாத்ரூம் எங்க இருக்கு? கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போலாமா?' ராத்திரி சுருதிக்கு அனுப்புவாள். சுருதி லாட்ஜின் இணையப் பக்கத்தில் கேள்வியைத் தலைப்பாகப் போட்டு, கீழே ஆதிலட்சுமி சொன்ன பதிலையே எழுதினாள். டப்பில் ஊறுகிற கால்களைப் போட்டோ எடுத்துப் போட்டாள். ஒரே ஒரு பதிலுக்கு மட்டும் சண்டை வந்தது.

"'கோயிலுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்தான், கால் தாங்கினா நடந்துடுங்க'னு சொல்றீங்களேக்கா. அப்புறம் ரூம் யாரு எடுப்பாங்க?"

"நடக்க முடிஞ்சவன எதுக்குப் படுக்க வைக்கணும்? உள்ளதச் சொல்லு."

வாரங்கள் ஓடின. ரூம் கேட்டுப் போன் ரெண்டு தரம் அடித்தது, பிறகு மூன்று தரம். ஜாஸ்தி என்றும் சொல்ல முடியாது, கம்மி என்றும் சொல்ல முடியாது. "இது வேர் பிடிக்க நாளாகும்கா" என்றாள் சுருதி. நாள்தானே இல்லை! பௌர்ணமி வந்தேவிட்டது. சாயங்காலம் ஆதிலட்சுமி கையெழுத்துப் போட ஒரு பேனாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பெயர்ப்பலகையைத் துடைத்தாள். கழற்றப்போகிற பலகையை எதற்குத் துடைக்கிறோம் என்று நினைத்தாள், ஆனாலும் துடைத்து முடித்தாள்.

முருகவேல் போன் பண்ணினார். "உன் கம்பெனிக்காரன் கோயிலாண்ட நிக்கிறான். இன்னிக்கு வண்டி விடல. மேப் நாலு கிலோமீட்டர்னு காட்டுதாம், இப்படியே போலாமானு கேட்டான். இத்தினி ஜனம் எதிர்ல வரும்போது எங்கப்பா போவேனு பத்து கிலோமீட்டர் சுத்தி நடக்க அனுப்பிட்டேன்."

மலைக்குப் பின்னால் நிலா ஏறியது. ஜனம் மெல்லிசாக ஒரு முணுமுணுப்போடு நகர்ந்துகொண்டே இருந்தது. பூ வாசனையும் கற்பூரப் புகையும் கலந்து ரோடே பாதித் தூக்கத்தில் போகிற மாதிரி இருந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு ஆள் பிய்ந்து, நொண்டி நொண்டி, ஒரு கையில் ஷூவும் இன்னொரு கையில் போனுமாக கேட்டுக்குள் வந்து தூணைப் பிடித்துக்கொண்டான். பிரசாத்.

ஆதிலட்சுமி டப்பை இழுத்துப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். அவன் காலை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"மேடம், உங்க இடத்துக்கு இவ்ளோ பக்கத்துல வந்துட்டேன்னே எனக்குத் தெரியலீங்க" என்றான். "போன தடவை எதிர்ப்பக்கமா கார்ல வந்தேன். இப்படி நடந்து வந்தா எல்லாமே புதுசா இருக்கு. ஒரு அடி எடுத்து வைக்க முடியல. கால் வலிக்குது, உட்கார இடம் எங்கேனு போன்ல கேட்டேன்."

"ம்?"

"முதல்ல நீங்கதான் வந்தீங்க. எங்க கம்பெனி பேரு கீழ எங்கியும் இல்ல."

சட்டைப் பையிலிருந்து அக்ரிமென்டை எடுத்தான். வேர்வையில் நனைந்து மடிப்பு ஒட்டிப்போயிருந்தது. பிரிக்கலாமா வேண்டாமா என்று கையிலேயே வைத்திருந்தான்.

"அதை ஓரமா வை தம்பி. கால் ஊறட்டும்" என்றாள் ஆதிலட்சுமி. 'சார்' எப்போது 'தம்பி' ஆனது என்று அவளுக்கே தெரியாது. "பலகைய எடுத்துட்டா, உன்ன மாதிரி கால் போய் வர்றவன் எதைப் பார்த்து உள்ள வருவான்?"

அவன் பேப்பரைப் பிரிக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு, காலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான்.

அப்போது கேட்டில் ஒரு குரல். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண், போன் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து வாசித்தாள்.

"நித்தியமல்லி இல்லம். பத்தாவது கிலோமீட்டர். இதுதாங்களா?"

முன்பின் தெரியாத ஒருத்தி வாயில் அந்தப் பெயர்! ஆதிலட்சுமி நிமிர்ந்து பலகையை ஒரு தரம் பார்த்தாள். மேஜை மேலிருந்த பேனாவை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு, இன்னொரு டப்பைத் தேடியபடியே சொன்னாள்:

"இதேதாம்மா. உள்ள வா."